‘கிடைக்கவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று ஆகாது

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கணினியில் என்னவெல்லாம் இருக்கும்? மூலப்பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, கந்தாய ரசீதின் செல்போன் படம், கூலியாட்களின் செக்ரோல், காப்பியும் மிளகும் விற்ற கணக்கு, வருடக்கணக்கில் எழுதிவந்த மழையளவு, வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த பிடிஎஃப்கள், சேலத்து டி.டி.பி. சென்டரில் எப்போதோ அடித்து வாங்கிய மனுக்கள் என்று பட்டியல் நீளும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீட்டிலும், ஊர் வரலாறு எழுதுபவர் வீட்டிலும், சிறு வழக்கறிஞர் அலுவலகத்திலும் இதே நிலைதான். கோப்புகள் சில ஆயிரங்களைத் தாண்டியதும், எது எங்கே இருக்கிறது என்பது சேர்த்தவருக்கே மறந்துவிடுகிறது. அப்போது எழும் கேள்வி, கணினிக்குள் தேடித் தரும் மென்பொருளில் எது நல்லது என்பது. ‘எது வேகமானது?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் கருத்தில் அது தவறான அளவுகோல். தமிழ்க் கோப்புகள் நிறைந்த தொகுப்புக்கு மென்பொருள் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இது எதையெல்லாம் தவறவிடுகிறது?’ என்பதே. வேகமாகத் தேடிவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று சொல்லும் மென்பொருள், இருக்கும் ஆவணத்தை இல்லாததாக ஆக்கிவிடுகிறது. அதைக் கேட்டவரும் நம்பிவிடுகிறார்.

இந்தக் கவலை கணினியோடு பிறந்தது அல்ல. அதே சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இருவர், மாமனாரும் மருமகனும், பெருந்தொகுப்பு ஒன்றை எப்படிப் பிறர் தேடும்படி வைப்பது என்பதற்கு இருவேறு வழிகளைக் காட்டியவர்கள். மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர், ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவர், 1882-ல் ஏற்காட்டில் மறைந்தவர். அவர் 1874-ல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் அகர வரிசையில் உள்ளன. மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர். சுமார் 40 ஆண்டுகளாக அவர் சேர்த்த கற்கருவிகளையும் மட்கலங்களையும் 1904-ல் சென்னை அரசு விலைக்கு வாங்கி அருங்காட்சியகத்தில் வைத்தது. அந்தத் தொகுப்புக்கு ஃபூட் எழுதிய விளக்கப் பட்டியல், 1912-ல் அவர் இறந்த பிறகு 1914-லும் 1916-லும் இரு நூல்களாக வெளிவந்தது. பெர்சிவலின் அகர வரிசை, பழமொழியின் முதல் சொல் நினைவிருப்பவருக்கு உடனே கைகொடுக்கும். நடுவில் வரும் சொல் மட்டும் நினைவிருப்பவருக்குக் கைகொடுக்காது. ஃபூட்டின் பட்டியலோ ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அது கிடைத்த இடம், அது என்னவென்ற விளக்கம் என்று பதிந்து வைத்தது. அதனால்தான் சேர்த்தவர் போன பின்னும் அந்தக் கற்கள் வெறும் கற்களாகக் கிடக்காமல் சான்றுகளாக நிற்கின்றன.

இன்றைய தேடல் மென்பொருள்களும் இப்படி இரு வகைப்படும். முதல் வகை கோப்பின் பெயரை மட்டும் பார்ப்பது. ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருள் இதில் பெயர் பெற்றது. வட்டில் விண்டோஸ் ஏற்கெனவே வைத்திருக்கும் கோப்புப் பட்டியலையே அது படித்துக்கொள்வதால், லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் எழுத்து விழ விழ விடை வந்துகொண்டே இருக்கும். ஆனால் ‘ஸ்கேன்0047’ என்று பெயர் வைத்த கோப்புக்குள் யாருடைய பத்திரம் இருக்கிறது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாம் வகை, கோப்பின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் வருகிறது என்று பட்டியல் போட்டு வைப்பது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியத்துக்குச் சொல்லடைவு வெளியிட்டதே, அதே வேலையைத்தான் இந்த மென்பொருள் நம் கணினிக்குச் செய்கிறது. விண்டோஸுடன் வரும் தேடல், மேக் கணினியில் 2005 முதல் இருக்கும் ஸ்பாட்லைட், இலவசமாகக் கிடைக்கும் டாக்ஃபெட்சர், லினக்ஸில் தோன்றி விண்டோஸுக்கும் வந்த ரிகால் ஆகியவை இந்த வகை. சொல்லடைவு தயாராகிவிட்டால் விடை எல்லாவற்றிலும் நொடியில் வரும். எனவே வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சொல்லடைவுக்குள் எது நுழைந்தது, எது நுழையாமல் வெளியே நின்றது என்பதில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

வெளியே நிற்பவற்றில் முதலாவது, நாம் கவனிக்காத வட்டுகள். விண்டோஸ் தேடல் வழக்கமான அமைப்பில் ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’, டெஸ்க்டாப் போன்ற பயனரின் கோப்புறைகளையே சொல்லடைவில் சேர்க்கிறது. நம் ஊரிலோ கணினி வாங்கும்போதே வட்டை சி, டி, இ என்று பிரித்துத் தந்துவிடுவார்கள். ‘சி’ பழுதானாலும் ‘டி’ தப்பிக்கும் என்ற நம்பிக்கையில் முக்கியமான கோப்புகள் எல்லாம் ‘டி’ வட்டில்தான் இருக்கும். அங்கே தேடும்போது விண்டோஸ் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்க்காமல், ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடும். அமைப்புகளுக்குள் போய் அந்த வட்டையும் சேர்க்கச் சொன்னால் இந்தக் குறை தீரும். ஆனால் சேர்க்கவில்லை என்பதை அந்த மென்பொருள் தானாக முன்வந்து எச்சரிப்பதில்லை. பலர் இங்கேயே ஏமாந்து, விண்டோஸ் தேடல் உதவாது என்று முடிவுகட்டி வேறொன்றை நிறுவிக்கொள்கிறார்கள். புதிய மென்பொருள் எந்த வட்டுகளைப் படிக்கிறது என்பதையும் அவர்கள் கேட்பதில்லை.

இரண்டாவது, தமிழின் சொல்லமைப்பு. இதற்கு ஏற்காடு என்ற ஊர்ப்பெயரே போதுமான சான்று. ஆவணங்களில் இந்தப் பெயர் ‘ஏற்காடு’ என்று தனித்து வருவதைவிட, ‘ஏற்காட்டில்’, ‘ஏற்காட்டுக்கு’, ‘ஏற்காட்டைச் சேர்ந்த’ என்று வேற்றுமை உருபேற்று வருவதே அதிகம். முழுச் சொல்லை மட்டும் ஒப்பிடும் மென்பொருளிடம் ‘ஏற்காடு’ என்று கேட்டால் மற்ற மூன்றையும் அது காட்டாது. இறுதி எழுத்தே மாறிவிடுகிறதே. ‘ஏற்கா’ என்று சுருக்கிக் கேட்டால் ‘ஏற்காமல்’, ‘ஏற்காத’ என்று மனுக்களில் வரும் வேறு சொற்களெல்லாம் வந்து குவியும். கணினியில் உயிர்மெய்யின் குறி தனியாகவே சேமிக்கப்படுகிறது என்பதை அறிந்தவர் ‘ஏற்காட’ என்று நிறுத்துவார். ‘டு’வும் ‘ட்டி’யும் கணினிக்கு ‘ட’வில்தான் தொடங்குகின்றன என்பதால், சொல்லின் முற்பகுதியை வைத்துத் தேடும் மென்பொருள் எல்லா வடிவங்களையும் பிடித்துவிடும். ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு ‘தோட்ட’ என்று நிறுத்த வேண்டும். கூடவே ‘தோட்டா’வும் வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேண்டாதது நான்கு வந்தால் கண்ணால் தள்ளிவிடலாம். வேண்டியது ஒன்று வராமல் போனால் அது வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது. சொல்லின் அடியைத் தானே கண்டுபிடிக்கும் விதிகள் தமிழுக்கும் எழுதப்பட்டுள்ளன. ‘ஸ்னோபால்’ என்ற திறந்தமூலத் தொகுப்பில் அவை இருக்கின்றன. நாம் வாங்கும் மென்பொருளில் அவை இணைக்கப்பட்டிருக்கின்றனவா, அமைப்பில் தமிழைத் தேர்வு செய்ய இடமிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் சொல்லின் எல்லை என்று நினைத்து, தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துவிடும் மென்பொருள்களும் உண்டு. ஆங்கிலத்துக்கு எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் அவை நமக்கு உதவா.

மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதன் பிறகும் நீண்ட காலம் நம் அச்சகங்களும் டி.டி.பி. சென்டர்களும் அரசு அலுவலகங்களும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில்தான் அடித்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ என்ற தரக் குறியேற்றங்கள் முடிவாயின. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடையும் ‘டேஸ் 16’ குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆகவே ஒரு தமிழ்க் குடும்பத்தின் பழைய கோப்புகளில் பெரும்பகுதி யூனிகோடில் இருக்காது. பாமினியில் அடித்த ஒரு மனுவைத் திறந்தால் திரையில் நல்ல தமிழ் தெரியும். கோப்புக்குள்ளோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டுமே கிடக்கும். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது. தேடல் மென்பொருள் அந்த ஆங்கிலக் குப்பையையே சொல்லடைவில் சேர்க்கும். நாம் தமிழில் என்ன கேட்டாலும் அந்த மனு வராது. பேஜ்மேக்கரிலிருந்து எடுத்த பழைய பிடிஎஃப்களும் பெரும்பாலும் இந்த வகைதான். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் அது யூனிகோடு. குழப்பமான ஆங்கில எழுத்துகள் விழுந்தால் அந்தக் கோப்பின் உள்ளடக்கம் தமிழ்த் தேடலில் அகப்படாது. இதற்கு மருந்து மென்பொருளை மாற்றுவதில் இல்லை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் உரையை யூனிகோடுக்கு மாற்றி, மூலக்கோப்பின் அருகிலேயே ஒரு பிரதியாக வைப்பதுதான் வழி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய எழுத்துருக்களிலும் பிறகு ‘டிஸ்கி’ குறியேற்றத்திலும் வெளியிட்ட மின்னூல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. அதனால்தான் இன்று இணையத்தில் ஒரு பழந்தமிழ்ச் சொல்லைத் தேடினால் அந்த நூல்கள் வந்து நிற்கின்றன. தன்னார்வலர்களால் ஓர் இலக்கியப் பரப்புக்கே செய்ய முடிந்ததை, ஒரு வீட்டின் கோப்புகளுக்குச் செய்ய முடியாதா?

யூனிகோடுக்கு வந்துவிட்டாலும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. ‘கொ’ என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், கவனமற்றது ஆக்காது. ‘கௌரி’ என்ற பெயரை ‘கெ’ போட்டு அதன் பின் ‘ள’ போட்டு ‘கெளரி’ என்று அடிப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; கணினிக்கு அவை இருவேறு பெயர்கள். ‘ஸ்ரீ’ என்பதற்கும் யூனிகோடில் இரு வழிகள் வந்துவிட்டன. ‘ஸ’வில் தொடங்கி எழுதுவது ஒன்று, 2005-ல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கி எழுதுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒரே வடிவம். பத்திரங்களில் ஆட்பெயரும் கோயில் பெயரும் தோட்டத்தின் பெயரும் ‘ஸ்ரீ’யில் தொடங்குவது எவ்வளவு சாதாரணம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் விளைவு புரியும். ஊர்ப்பெயர் வழக்கிலும் இதே தொல்லை. சேர்வராயன், செர்வராயன், ஷெவராய் என்று ஒரே மலை பல எழுத்துக்கூட்டலில் ஆவணங்களில் வருகிறது. தேடுபவர் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் ‘அல்லது’ போட்டுக் கேட்க இடம் தருகிறதா என்பது, மென்பொருளைத் தேர்வதில் வண்ணத்தையும் வேகத்தையும்விட முக்கியமான தகுதி.

நான்காவது, படங்கள். நம் வீட்டு ஆவணங்களில் முக்கால்வாசி முத்திரைத்தாளைப் படம் பிடித்தவைதான். படத்தில் எழுத்து இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், சொல்லடைவுக்குத் தெரியாது. எழுத்துணரி மென்பொருள் அதைப் படித்து உரையாக்க வேண்டும். ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் 1980-களில் உருவாகி 2005-ல் திறந்தமூலமாக வெளியான ‘டெசராக்ட்’ இப்போது அச்சுத் தமிழையும் படிக்கிறது. ரிகாலில் அதை இணைத்துவிட்டால் ஸ்கேன் செய்த பிடிஎஃப்களையும் படித்துச் சொல்லடைவில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் எழுத்துணரி எல்லாவற்றையும் சரியாகப் படிப்பதில்லை. முத்திரையின் மை ஏறிய இடத்திலும், மலைப்பகுதி ஈரத்தில் பூத்துப்போன தாளிலும், சாய்த்து எடுத்த படத்திலும் அது தடுமாறும். பத்திர எழுத்தர் கைப்பட எழுதிய பழைய பத்திரங்களில் அதனிடமிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. அங்கேதான் ஃபூட்டின் முறை உதவுகிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஓர் எண், பத்திர எண், தேதி, கொடுத்தவர், வாங்கியவர், சர்வே எண், கிராமம், மூலத்தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரே ஒரு பட்டியல் கோப்பில் தமிழில் எழுதி வைத்தால் போதும். மென்பொருள் படத்தைப் படிக்காவிட்டாலும் பட்டியலைப் படித்து, படத்தின் எண்ணைச் சொல்லிவிடும்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு வலுவானது. ‘கோப்புறைகளை ஒழுங்காகப் பிரித்து வைத்தால் தேடலே வேண்டாமே’ என்பார்கள். இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. தனிப்பட்ட கோப்புகளை மக்கள் எப்படித் திரும்ப எடுக்கிறார்கள் என்று ஓஃபர் பெர்க்மனும் ஸ்டீவ் விட்டேக்கரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தேடல் மென்பொருள்கள் எவ்வளவு மேம்பட்டாலும் மக்கள் கோப்புறை வழியே நடந்துபோய் எடுப்பதையே விரும்புகிறார்கள், வைத்த இடம் மறந்தால் மட்டுமே தேடலை நாடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதை நான் ஏற்கிறேன். அந்த முடிவு என் வாதத்துக்கு எதிராக இல்லை, வலு சேர்க்கிறது. கோப்புறையில் கண்டுபிடிக்க முடியாமல்தான் தேடலுக்கு வருகிறோம் என்றால், தேடல் நம் கடைசி வாசல். கடைசி வாசலில் ‘இல்லை’ என்று சொன்னால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. அந்த ஆவணம் தொலைந்துவிட்டது என்றே முடிவு செய்வோம். மேலும் கோப்புறையில் ஒரு கோப்புக்கு ஓர் இடம்தான். 1985-ல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தை அப்பாவின் பெயரில் வைப்பதா, சர்வே எண்ணில் வைப்பதா, வழக்குக் கட்டில் வைப்பதா? வைத்தவருக்கு ஒரு நியாயம், அவர் பிள்ளைகளுக்கு வேறொரு நியாயம். கோப்புறை ஒழுங்கு வேண்டும்தான். அது வைத்தவரின் நினைவு உள்ளவரைக்கும்தான் வேலை செய்யும்.

அடுத்த மறுப்பு இந்தக் காலத்துக்குரியது. ‘எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடுங்கள், அதுவே படத்தையும் படிக்கும், இல்லையென்றால் செயற்கை நுண்ணறிவிடம் கேளுங்கள், பொருளைப் புரிந்துகொண்டு எடுத்துத் தரும்’ என்கிறார்கள். கூகுளின் தமிழ் எழுத்துணரி நன்றாகவே படிக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஒரு பிரதியை அங்கே வைப்பதும் நல்லதே. ஆனால் 15 ஜிபி இலவச இடத்தை ஸ்கேன்களும் புகைப்படங்களும் மின்னஞ்சலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சொத்துப் பத்திரமும் ஆதாரும் மருத்துவச் சான்றும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லின் பின்னால் கிடக்கும். வளைந்து ஏறும் மலைக் கிராமங்களில் இணையம் எப்போதும் கைக்கெட்டும் என்று நம்பியிருக்கவும் முடியாது. நிறுவனத்தின் விருப்பமும் மாறும். 2004 அக்டோபரில் கூகுள் வெளியிட்ட ‘கூகுள் டெஸ்க்டாப்’ கணினித் தேடலுக்கு ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர். 2011 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். திரையில் தெரிவதையெல்லாம் படமெடுத்துத் தேடித் தரும் ‘ரீகால்’ வசதியை (மேலே சொன்ன ரிகால் அல்ல) மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்தது. பாதுகாப்பு வல்லுநர்களின் கடும் எதிர்ப்பால் அது தள்ளிப்போய், திருத்தங்களோடு 2025-ல்தான் பரவலாக வந்தது. செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, நான் சொன்ன சிக்கல்கள் அதற்கும் விலக்கல்ல. பாமினியில் அடித்த கோப்பை உரையாக மாற்றாமல் கொடுத்தால் அதற்கும் குப்பைதான் கிடைக்கும். சரளமாக ஒரு விடை சொல்லிவிட்டு, எந்தக் கோப்பில் எந்தப் பக்கத்தில் பார்த்தது என்று காட்டாத கருவி, சொத்து ஆவணத்துக்கு உதவாது. தாசில்தார் முன்னிலையில் காட்ட வேண்டியது சுருக்கம் அல்ல, தாள்.

அப்படியானால் எதைத் தேர்வது? என் பரிந்துரை, ஒரே மென்பொருளில் எல்லாவற்றையும் எதிர்பார்க்காமல் இரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்வது. பெயர் நினைவிருக்கும் கோப்புக்கு எவ்ரிதிங். உள்ளடக்கத்துக்கு ரிகால் அல்லது டாக்ஃபெட்சர். புதிதாக எதையும் நிறுவ விரும்பாதவர் விண்டோஸ் தேடலிலேயே எல்லா வட்டுகளையும் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம். ரிகாலும் டாக்ஃபெட்சரும் திறந்தமூலம் என்பதும், சொல்லடைவை நம் கணினியிலேயே வைத்துக்கொள்கின்றன என்பதும் என் விருப்பத்துக்குக் காரணம். டாக்ஃபெட்சரைக் கோப்புகளோடும் சொல்லடைவோடும் சேர்த்து ஒரு வெளிவட்டில் எடுத்துச் செல்லவும் முடியும். ஆனால் என் பரிந்துரையை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் தொகுப்பில் நிச்சயம் இருக்கிறது என்று நீங்கள் அறிந்த பத்து ஆவணங்களை எடுங்கள். ஒன்று வேற்றுமை உருபோடு ஊர்ப்பெயர் வரும் வேர்டு கோப்பாக இருக்கட்டும். ஒன்று பழைய எழுத்துருவில் அடித்த மனு. ஒன்று ‘ஸ்ரீ’ வரும் பெயர். ஒன்று ஸ்கேன் செய்த பட்டா. ஒன்று ‘டி’ வட்டின் ஆழத்தில் உள்ள பிடிஎஃப். ஒன்று மின்னஞ்சல் இணைப்பு. ஒவ்வொன்றையும் நீங்கள் இயல்பாகக் கேட்கும் சொற்களில் கேட்டுப் பாருங்கள். பத்தில் எத்தனை வந்தன என்று குறித்துக்கொண்டு, வராதவை ஏன் வரவில்லை என்று பாருங்கள். அந்த ஒரு மாலை வேலை, இணையத்தில் கிடைக்கும் எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும்விட நம்பகமானது. ஏனென்றால் அந்தப் பட்டியல்களைப் போடுபவர்கள் பெரும்பாலும் தமிழ்க் கோப்புகளில் சோதிப்பதில்லை.

‘சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு?’ என்று கேட்கலாம். வசதி குறைந்தவருக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பம் அதன் மீது உரிமை கோரலாம். கோரிக்கையோடு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் காட்ட வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. பழைய ரசீது, அபராதச் சீட்டு, அலுவலகக் கடிதம், பெரியவர்களின் வாக்குமூலம் என எது எதுவோ சான்றாகலாம். இந்தத் தாள்களைப் படமெடுத்து ஒரு கிராமத்துக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் இளைஞர், ‘தேடிப் பார்த்தேன், இல்லை’ என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் உரிமை அங்கேயே நின்றுபோகும். பெரிய எஸ்டேட்டுக்கு வழக்கறிஞரும் கணக்கரும் இருக்கிறார்கள்; தாளைத் தேட ஆள் உண்டு. ஆளில்லாதவருக்கு மென்பொருள்தான் ஆள். அது தவறவிடுவதற்கான விலையை அவர்தான் கொடுக்கிறார்.

இந்தப் பொறுப்பைத் தனிமனிதர் தலையில் மட்டும் கட்டிவிடவும் கூடாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது என்றால், அதற்கு முன் தன் அலுவலகங்களும் தன்னிடம் மனு கொடுத்த மக்களும் அடித்துவைத்த எழுத்துருக் கோப்புகளை மாற்ற எளிய, நம்பகமான, இலவசமான கருவியை எல்லோர் கைக்கும் கொண்டுசேர்ப்பது அதன் கடமை. தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்த வேலைக்குப் பொருத்தமான இடம். அரசு இன்று வெளியிடும் ஒவ்வொரு பிடிஎஃப்பும், நகலெடுத்து ஒட்டினால் தமிழாகவே விழ வேண்டும் என்பதை விதியாக்குவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தமிழ் மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கும் இங்கே வேலை காத்திருக்கிறது. ரிகாலும் டாக்ஃபெட்சரும் திறந்தமூலம் என்பதால், வேற்றுமை வடிவங்களை இணைப்பதையும், ‘கௌ’ குழப்பத்தைத் தீர்ப்பதையும், இரண்டு ‘ஸ்ரீ’களை ஒன்றாக்குவதையும், பழைய எழுத்துருவைக் கண்டால் எச்சரிப்பதையும் அவற்றில் சேர்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. புதிய செயலி ஒன்றைப் படைப்பதைவிட இது பெயர் தராத வேலை. ஆனால் பயன் பெறப்போவது ஒவ்வொரு தமிழ் வீட்டின் ஆவணமும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மென்பொருள் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று காட்டும்போது அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எந்த வட்டைப் படித்தது, எந்த எழுத்தைப் படித்தது, எந்த வடிவத்தைத் தேடியது என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் தெளிவாக விடை சொல்லும் மென்பொருள் எதுவோ, அதையே நம் கோப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கலாம்.